முறத்துக்கு அந்தப் பக்கம்

அன்னக்கிளி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய நாலாம் நாள், சமையல்கட்டில் மகள் வேதா யாரோடோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. ஆறு வயசுக்காரி. ஒருமுறை ஆம்பிளைக் குரலில் அதட்டினாள், அடுத்த நொடி மழலையில் சிணுங்கினாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் லாலாகுடா ரயில்வே லைன் வீடுகளில் விஷக்காய்ச்சல் நுழையாத வீடு கிடையாது. அன்னக்கிளிக்குப் பதினோரு நாள் நினைவே இல்லை. கண் திறந்தபோது புருஷன் பெருமாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். மூன்று வயசு தணிகாசலம் இல்லை. “போயிட்டான் அன்னம்,” என்றான். அவ்வளவுதான். எப்படி, எந்த நேரத்தில், யார் மடியில், கடைசியாக என்ன கேட்டான் என்று எதைக் கேட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். அடுத்த வீட்டுச் செல்லம்மாவோ, “பழசையெல்லாம் கிளறாத,” என்றாள். பழசாம். பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அன்னக்கிளிக்கு அழுகையும் சரியாக வரவில்லை. கண்ணை மூடினால், படுக்கையில் விழுந்த அன்று காலையில் பார்த்த பிள்ளைதான் வந்தான். வாயெல்லாம் வெல்லப்பாகு வழியச் சிரிக்கிற பிள்ளை. அவனுக்காக எப்படி அழுவது?

எட்டிப் பார்த்தாள். தண்ணீர்த் தவலையைப் பக்கவாட்டில் சாய்த்து அதன்மேல் கரித்துணி போர்த்தியிருந்தது. அதற்கு முன்னால் முறத்தை நிமிர்த்தி நிறுத்தியிருந்தாள். முறத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டித் தம்ளர். பக்கத்தில் இரும்புக் கரண்டி.

“அம்மாகிட்ட போவணும்,” என்றது தம்ளர்.

“கூடாதுடா. டாக்டரு சொல்லிட்டாரு,” என்றது கரண்டி.

அன்னக்கிளி மெல்ல உட்கார்ந்தாள். “தம்ளரு யாரு?”

“தம்பி.”

“தவலை?”

“நீ.” வேதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “முறம் கதவு. கரண்டிதான் நைனா, தாழ்ப்பா போட்டுட்டாரு.”

தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தவித்தாள். இப்போது இங்கேயே நிறுத்திவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் வாய் கேட்டது. “அப்புறம்?”

“தம்பி கதவுக்கு அடியில கைய வுட்டு பரபரன்னு சொரண்டினான்.” தம்ளரின் விளிம்பால் முறத்தைச் சுரண்டிக் காட்டினாள். “நீ உள்ளேருந்து, ‘பூனைய வெரட்டுங்க, பூனைய வெரட்டுங்க’ன்னு கத்தின.”

அன்னக்கிளிக்கு அந்தப் பூனை ஞாபகம் வந்தது. காய்ச்சல் மயக்கத்தில் ராவும் பகலும் பிறாண்டிய பூனை. எத்தனை விரட்டியும் போகாத பூனை.

“தம்பி அழுதானா?”

“இல்ல. மியாவ்னான். நீ சிரிப்பேன்னு.”

அன்னக்கிளி கையை நீட்டி முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். தம்ளரைத் தூக்கித் தவலையின் வயிற்றோடு ஒட்டிப் படுக்கவைத்தாள். பித்தளையும் பித்தளையும் இடித்துக் கிணுகிணுத்தன. வேதா சற்று நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“நக்கோ அம்மா, வேணாம். அப்படி இல்ல. நீ எந்திரிக்கவே மாட்ட.”

தம்ளரை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். முறத்தையும் நிறுத்தினாள்.

சாப்பாட்டுக்காகப் பட்டறையிலிருந்து வந்த பெருமாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. பாய்லர் கரி அப்பிய கைகளைக் கழுவக்கூட இல்லை.

“தாழ்ப்பா நான்தான் போட்டேன்,” என்றான். “அவனுக்கும் ஒட்டிக்கக் கூடாதுன்னு. அப்படியும் ஒட்டிக்கிச்சு. தெறந்து வுட்டிருந்தா, ஒரு நாளாவது உன் பக்கத்துல...”

அன்னக்கிளி அவனைத் திட்டவில்லை. “மியாவ்னானா?” என்று மட்டும் கேட்டாள்.

“ம்.”

“எத்தினி வாட்டி?”

பெருமாள் கண்ணை மூடிக்கொண்டான். “நிறுத்தவே இல்ல அன்னம். காய்ச்சல் வந்து படுத்தப்புறமும் மெதுவா சொல்லிக்கினே இருந்தான்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அடிவயிற்றிலிருந்து. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பெருமாள் அவளுக்கு எதிரே தரையில் கால் நீட்டி உட்கார்ந்தான். தொடலாமா என்று தெரியாமல் கரிக்கையை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

வேதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்ளரைத் துணியில் சுற்றினாள். அஞ்சறைப்பெட்டியை இழுத்து அதன் மூடிமேல் வைத்து, இரண்டு கையாலும் தள்ளத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் பெருமாள் காலில் இடித்து நின்றது.

“நைனா, தம்பிய கொண்டுபோற வண்டி இது. வழியில உக்காந்துக்கினு இருக்க.”

பெருமாள் பெட்டியைப் பார்த்தான். பிறகு காலை மடக்கிக்கொண்டு, சுவரோரம் நகர்ந்து வழிவிட்டான்.

உள்ளே கடுகும் வெந்தயமும் சலசலக்க, பெட்டி இருவருக்கும் நடுவே மெதுவாகப் போனது.