ரைட்டரம்மாவின் முதல் இணைப்பு

"படத்தில் காட்டியபடி இணைப்புகள் தரப்பட்டன." மூன்று வருஷத்தில் இந்த வரியை அவள் எத்தனை தடவை எழுதினாளோ, கணக்கே இல்லை. கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதனாலேயே பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரைட்டரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

இயற்பியல் ஆய்வகத்தில் நாலு பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு நோட்டு. கையெழுத்து நன்றாக இருக்கிறவர் எழுத வேண்டும், மற்றவர்கள் கருவியைப் பார்க்க வேண்டும். டீச்சர் செய்த ஏற்பாடு அது. வேலையும் சீக்கிரம் முடியும், நோட்டும் சுத்தமாக இருக்கும். ஆறு மேசையிலும் எழுதியது பெண்பிள்ளைகள்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அது பாட்டுக்கு அப்படி அமைந்துவிட்டது. இதே டீச்சர்தான் வருஷா வருஷம் மேடையேறி, "பொண்ணுங்க அறிவியல் பக்கம் வரணும்" என்று தொண்டை வறளப் பேசுவார். மனசாரத்தான் பேசுவார், அதில் குறை சொல்ல முடியாது.

ரைட்டரம்மாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. அதற்கான விண்ணப்பத்தில், செய்முறையில் தேறினாள் என்று டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பஸ் டிரைவர். "டீச்சர் போட்டா நானும் போடறேன். இல்லேன்னா பேசாம வணிகவியல் எடும்மா. உன் கையெழுத்துக்கு ஆபீஸ் வேலை ஓடி வரும்" என்று சொல்லிவிட்டார். விண்ணப்பம் கொடுக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். செய்முறைத் தேர்வும் அன்றைக்குத்தான். ஆளுக்குத் தனித்தனிக் கருவி, அரை மணி நேரம், ஆறு அளவுகள் எடுக்க வேண்டும்.

"ரைட்டரம்மா, இன்னிக்கு எழுதி ஒப்பேத்த முடியாது போலிருக்கே?" என்றான் பக்கத்து மேசை நெட்டை. மூன்று வருஷமும் அவள் குழுவில் கம்பி இணைத்தவன் அவன்தான்.

"நீ உன் கோழிக்கிறுக்கலை நினைச்சு அழு. திருத்தறவங்க பாவம்."

வாய் சொன்னதே தவிர, அவள் இதுவரை ஒரு கம்பியைக்கூட இணைத்ததில்லை. படம் மனப்பாடம். பேட்டரியிலிருந்து எது எங்கே போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். புதிதாக வெட்டி வைத்திருந்த செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். திருகைத் தளர்த்தி, நுனியை நுழைத்து, இறுக்கினாள். படத்தோடு ஒத்துப் பார்த்தாள், ஒரு பிசகு இல்லை. சுவிட்சைப் போட்டாள்.

மீட்டர் முள் அசையவில்லை.

எல்லாவற்றையும் இன்னொரு தடவை இறுக்கினாள். ஊஹூம். கடிகாரத்தில் பத்து நிமிஷம் பறந்திருந்தது. நெட்டை மூன்றாவது அளவு எழுதிக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் முட்டியது. அழுதால் மட்டும் முள் அசைந்துவிடுமா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். பேட்டரி செத்திருக்க வேண்டும், இல்லை மீட்டர். அதுவும் இல்லையென்றால் கம்பி.

மேசை இழுப்பறையில் பழைய கம்பித் துண்டுகள் இரண்டு கிடந்தன. அவற்றால் பேட்டரியை நேராக வோல்ட்மீட்டரில் தொட்டாள். முள் விருட்டென்று எழுந்தது. புதுக் கம்பியால் தொட்டாள், சவம் மாதிரி கிடந்தது. இரண்டின் நுனிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதுசு வழவழவென்று பழுப்பாக மின்னியது. பழசின் நுனி மட்டும் கீறல் கீறலாக, வெளிறித் தெரிந்தது. யாரோ தேய்த்திருக்கிறார்கள். அப்படியானால் கம்பி மேல் ஒரு பூச்சு இருக்கிறது, அதுதான் மின்சாரத்தைத் தடுக்கிறது!

மேசை மூலையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். மேசையில் கொட்டின மையைத் தேய்க்க வைத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதை எடுத்துப் பன்னிரண்டு நுனியையும் பரபரவென்று தேய்த்தாள். திரும்ப மாட்டினாள். முள் எழுந்தது. மூன்று அளவு எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

டீச்சர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாதிதானேம்மா இருக்கு?"

"நுனியைத் தேய்க்கணும்னு தெரியல டீச்சர். கண்டுபிடிக்க நேரமாயிடுச்சு."

"மூணு வருஷமா இதுகூடத் தெரியாம என்ன பண்ணிட்டிருந்தே?"

"எழுதிட்டிருந்தேன் டீச்சர்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். டீச்சர் தலையை நிமிர்த்தி மற்ற மேசைகளைப் பார்த்தார். நோட்டு எழுதின மற்ற ஐந்து பெண்களும் மீட்டரையே வெறித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து முள்ளும் அசையாமல் கிடந்தன.

பிறகு ரைட்டரம்மாவின் இணைப்புகளை முழுக்கப் பிரித்துப் போட்டார். கம்பிச் சுருளிலிருந்து புதுசாக ஆறு துண்டு வெட்டினார். "தப்பு என்னோடது. முதல்லேருந்து செய். நான் வாய் திறக்க மாட்டேன்." மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "யாருக்கெல்லாம் முள் அசையலையோ, எல்லாரும் இருங்க. உங்களுக்கும் இன்னொரு அரை மணி."

"டீச்சர், நான் போலாமா?" என்றான் நெட்டை.

"நீ உட்கார்ந்து உன் தாளை ஒழுங்கா எழுது. இது என்ன எழுத்துன்னு எனக்கே தெரியல."

இந்தத் தடவை ரைட்டரம்மா முதல் வேலையாக நுனிகளைத் தேய்த்தாள். ஏழு நிமிஷத்தில் இணைத்தாள், ஆறு அளவும் எடுத்தாள். ஒன்று மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. டீச்சர் கேட்பதற்கு முன் அதைத் திரும்ப எடுத்துச் சரிபார்த்தாள். டீச்சர் விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா இரண்டு டிரிப்புக்கு நடுவே வந்து, பள்ளிக்கூட வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். காகிதத்தை வாங்கி முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, ஓரமெல்லாம் கருப்பா? தாளை இப்படி வச்சுக்கிற பொண்ணு இல்லையே நீ."

"கம்பியைத் தேய்ச்ச அழுக்குப்பா."

"நீயேவா தேய்ச்சே?"

"ஆமா. இரண்டு தடவை."

அவர் டீச்சரின் கையெழுத்தை ஒரு தடவை பார்த்தார், மகளின் விரல்களை ஒரு தடவை பார்த்தார். பஸ் கிளம்ப நாலு நிமிஷம்தான் இருந்தது. "பேனா குடு. எந்த இடத்தில போடணும்?" என்றார்.