பெயர் இல்லாத எசமானி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்ன கல்யாணப் பேச்சுக்காரர், பாதியிலேயே சிரிப்புத் தாங்காமல் வாயிலிருந்த பாக்கை விழுங்கிவிட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் சிரிப்பு நின்றது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு ஊரில் ஒரு ரம்பு

(அடித்துவிட்டேன். ரம்பு என்றால் சீமாட்டி. இந்தோனேசியாவில் எங்கள் சும்பா தீவில் பெரிய வீட்டுப் பெண்களின் சொந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை, அவ்வளவு மரியாதை. அடிமையின் பெயரைச் சொல்லி ‘இன்னாருடைய ரம்பு’ என்பார்கள். அடிமை இல்லாமல் கூப்பிடவே முடியாதவளிடமிருந்து கதையை எப்படித் தொடங்குவது?)

கஹி என்று ஒருத்தி இருந்தாள். ரம்புவுக்குக் கல்யாணமானபோது துணிகளோடும் பாசிமணிகளோடும் சீராக வந்தவள். அன்றிலிருந்து அவளுடைய எசமானி ‘கஹியின் ரம்பு’ ஆனாள்.

2

ரம்புவின் மகளுக்குத் தொலைதூரத்தில் சம்பந்தம் அமைந்தது. சீரோடு கஹியின் ஒரே மகள் ஹராபியும் போகவேண்டும் என்று முடிவானது. போனால் இனிப் பார்ப்பது எங்கே? மக்காச்சோளம் இடித்துக்கொண்டிருந்தபோதுதான் கஹியின் காதில் இது விழுந்தது. அவள் கதறி

(இல்லை. அழுகை எனக்குத்தான் தேவைப்பட்டது. அவள் இடித்து முடித்தாள்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, மார்த்தாவாகத் திரும்பி வந்தாள். அதன்பிறகு ‘கஹி’ என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. அடிக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். அடித்தார்கள். அடி வாங்கியதும் மார்த்தாதான்.

3

மாப்பிள்ளை வீட்டார் குதிரைகளில் வந்து இறங்கினார்கள். இங்கே சம்பந்திகள் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை, இரண்டு பக்கமும் பேச்சுக்காரர் உண்டு. நம் பக்கத்தவர் எழுந்து, “கஹியின் ரம்பு சொல்வதாவது” என்று ராகம் இழுத்தார்.

எதிர்ப்பக்கத்தவருக்கு ஊர் வம்பெல்லாம் அத்துப்படி. “கஹின்னு யாரும் இங்க இல்லையாமே? பேரே இல்லாதவங்க வீட்ல எப்படிங்க பொண்ணு எடுக்கிறது?” என்றார்.

கூட்டம் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது. சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

4

ரம்பு அடுப்படிக்கே வந்துவிட்டாள். அவள் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை.

“கஹி.”

அவள் அடுப்பை ஊதினாள்.

“மார்த்தா.” கசப்பு மருந்தைக் குடித்ததுபோல் முகம் கோணியது.

“சொல்லுங்க ரம்பு.”

“உனக்கு என்னதான் வேணும்?”

“ஹராபி இங்கயே இருக்கட்டும்.”

“உன்னை என் கூடப் பொறந்தவ மாதிரிதானே வச்சிருந்தேன்?”

“கூடப் பொறந்தவ பொண்ணையும் சீர்ல வச்சுத்தான் அனுப்புவீங்களா?”

(இதை அவளே சொன்னாளா, நான் எடுத்துக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.)

ரம்பு விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்தாள். கெட்டவளாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வலித்தது. பிறகு மெல்ல முகம் மலர்ந்தது.

“சரி, அவ எங்கயும் போகவேண்டாம். இன்னையிலேர்ந்து நான் ஹராபியோட ரம்பு.”

பெயர் கொடுக்கும் அடிமையைச் சீரில் அனுப்பமாட்டார்கள். எசமானி சாகும்வரை பக்கத்திலேயே இருக்கவேண்டும். மார்த்தா கேட்டது கேட்டபடியே கிடைத்துவிட்டது. தான் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த இடத்தில் மகளை உட்காரவைத்தது தானேதான் என்று அவளுக்குப் புரிந்தது.

5

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

புதுப் பெயர் பேச்சுக்காரர் வாயில் கச்சிதமாகப் பொருந்தி, கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. (ரம்புவுக்கு மட்டும் பிடிக்கும்.)

தாயும் மகளும் துறைமுகத்துக்கு ஓடி, ஒரு படகில்

(படகு பிடித்துத் தருவது எனக்கு எளிது. அவர்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?)

இத்தனையிலும் ஹராபியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரம்பு கேட்கவில்லை. பெற்றவள் கேட்கவில்லை. நானும்தான். அவள் பாக்குக் கூடையோடு அடுப்படி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்திலிருந்து பேச்சுக்காரர் குரல் கொடுத்தார்: “இப்ப யாரோட ரம்புன்னு சொல்லட்டும்?”

ஹராபி கூடையைக் கீழே வைத்தாள். எல்லோரையும் முந்திக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அந்த வாய்க்கு நான் எழுதிய பதில்கள் எல்லாமே அருமையாக இருந்தன. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவளைச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். இதற்குக் கீழே உள்ள இடம் காலியாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அவளைக் கேட்டுக்கொண்டு.