கேப்டனுக்குக் குரல் கொடுத்தவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவமனையில் கிடைத்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போட்டுவிட்டு, "மரத்துப்போற வரைக்கும் வெளிய உக்காருங்க" என்று அனுப்பியிருந்தார்கள். பாதி வாய் என்னிடம் இருந்தது. மீதிப் பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். எழுத்துக்காரர்களிடம் யாராவது ஒரு வரி சொன்னால் பதிலுக்குப் பத்து வரி அவிழ்த்துவிடுவோம். கதை சொல்ல வந்தவர் கதை கேட்டுவிட்டுப் போவார். அன்று நான் 'ம்' என்று சொன்னால்கூட எச்சில்தான் வந்தது. அதனால் அவள் சொன்னது முழுசாகக் கிடைத்தது.

"முன்பல்லு ஆடுதுங்க. எடுத்துட்டா 'ச' வராது, காத்துதான் வரும். என் பொழப்பே வாய்லதான இருந்துச்சு."

நான் புருவத்தைத் தூக்கிக் கேட்டேன்.

"கடல் சிங்கத்துக்குக் குரல் குடுத்துக்கிட்டிருந்தேன்."

இதற்கு மேல் ஒரு எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்? பல்லே வேண்டாம்.

இனி நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அடைப்புக்குறிக்குள்ளிருந்து அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். கண்டுகொள்ளாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'நீலத் தண்ணீருக்குள், தொலைந்துபோன கடலை எண்ணி ஏங்கியபடி, அந்தக் கடல் சிங்கம்—'

நிறுத்திவிட்டேன். ஏங்கியது என்று எனக்கு யார் சொன்னது? அது பிறந்ததே ஒரு தொட்டியில். கடலைத் தொலைக்காட்சியில்கூடப் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'ஐந்தாவது மாடியில் கடல் இருந்தது.'

இதை எழுதிவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன்; அவ்வளவு பிடித்துப்போனது. திரும்பி வந்து படித்தால் பச்சைப் பொய். அங்கே இருந்தது குளோரின் வாடை அடிக்கும் தொட்டி.

மூன்றாவது முறை சுற்றி வளைக்காமல்:

ஒரு பெரிய கடைவளாகம். கீழே செருப்பும் வாசனைத் திரவியமும். அதற்கு மேலே துணிமணி, அதற்கும் மேலே சாப்பாட்டுக் கடைகள். உச்சி மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த தொட்டி. தொட்டிக்குள் கேப்டன் என்ற கடல் சிங்கம்.* அது பந்தை மூக்கில் நிறுத்தும், துடுப்பைத் தட்டும், நெற்றியில் வைத்து சல்யூட் அடிக்கும். ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு மீன். மீன் கொடுப்பவர் பழக்குநர். வாளி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு 'வாளி அண்ணன்' என்று பெயர்.

ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் மைக்கோடு நம் குரல்காரி.

அவள் ஒரு நாடகக் குழுவில் இருந்தவள். மேடையேறினால் கைகால் உதறும். திரைக்குப் பின்னால் நிற்கவைத்தால் ராஜா, ராணி, கழுதை எல்லாமே அவள்தான். குழு கலைந்தபோது கழுதைக்கு மட்டும் வேறு வேலை கிடைத்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"ஏய்! என்ன எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க? கேப்டன் வந்தா எந்திரிச்சு நிக்கணும்னு வீட்ல சொல்லித் தரலையா?"

கரகரத்த, கொஞ்சம் திமிரான, செல்லமான குரல். கூட்டம் எழுந்து நின்று சல்யூட் அடிக்கும். கேப்டன் மீனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், "டயட்ல இருக்கேன்ப்பா!" வெளியே வரத் தாமதமானால், "இருங்க, மீசை சீவிக்கிட்டிருக்கேன்!" சில சமயம் கேப்டன் எதையும் காதில் வாங்காமல் சுவரோரமாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். கண்ணாடியை ஒட்டிப் போய், அதே மூலையில் மூக்கைத் தொட்டு, மல்லாந்து திரும்பி, மறுபடி அதே வழி. அப்போது அவள் விடுவாள் பாருங்கள்:

"வாக்கிங் போறேங்க! எனக்குச் சுகர் இருக்கு!"

அந்த வரிக்குத்தான் அரங்கம் அதிரும். சர்க்கரை நோய்க்காரர்கள் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பார்கள்.

* கேப்டன் பெண். இது பார்க்க வந்தவர்கள் யாருக்கும் தெரியாது. 'கேப்டன்' என்று போர்டு எழுதி மாட்டிய பிறகு மருத்துவர் வந்து சொன்னார். போர்டை மாற்றுவதைவிடக் குரலைக் கட்டையாக்குவது சுலபமாக இருந்தது.

3

விடுமுறை நாள். அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் குரல்காரியின் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கு மூத்தவள், தையல்காரி. அடுத்தவர் உடுத்தியிருக்கும் துணியில் தையல் கோணியிருந்தால் பந்தியிலேயே சொல்லிவிடுவாள். தம்பி பெண்டாட்டியின் பெருமையைப் பார்க்க வந்திருந்தாள்.

பாதிக் காட்சியில் கேப்டன் சுற்ற ஆரம்பித்தது. குரல்காரி மைக்கை நெருங்கி, "வாக்கிங் போறே—"

மைக் போய்விட்டது.

பாட்டும் சேர்ந்து நின்றது. அரங்கத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். கேப்டன் மூலைக்குப் போனது, மூக்கைத் தொட்டது, மல்லாந்தது, திரும்பியது. மூலைக்குப் போனது, மூக்கைத் தொட்டது. மிச்சமிருந்த சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. வாளி அண்ணன் மீனை ஆட்டினார். கேப்டன் பார்க்கவில்லை. "அதுக்கு என்னாச்சு?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

குரல்காரி பதறிப்போய் கண்ணாடி அறைக்குள் கத்திக்கொண்டிருந்தாள். வெளியே இருப்பவர்களுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு பெண் தெரிந்தாள். இரண்டு பேர் அவளுக்குக் கைதட்டினார்கள்.

[இங்கே ஒரு உவமை வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. உங்களுக்கும் தெரிகிறதல்லவா? அப்படியென்றால் நான் எழுத வேண்டியதில்லை.]

வீட்டுக்குப் போகும் பேருந்தில் நாத்தனார் யாருடைய தையலையும் குறை சொல்லவில்லை. அது அவள் இயல்பே இல்லை.

"என்னக்கா, பிடிக்கலையா?"

"நீ பேசுறப்போ அது சிரிச்சுக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. மைக்கு போனப்புறம்தான் பாத்தேன், அது மூஞ்சி எப்பவும் அப்படித்தான் இருக்கு."

"மிருகத்துக்கு மூஞ்சி மாறுமாக்கா?"

"அதத்தான் சொல்றேன். அது மாறல. நீ மாத்திக்கிட்டிருந்த." கொஞ்சம் யோசித்து, "குறை சொல்லலடி. நல்லா பேசுற. கிழிசல் தெரியாம ஒட்டுப்போடுற மாதிரி" என்றாள்.

தையல்காரி வாயிலிருந்து வந்தால் அது பாராட்டுதான். ஆனாலும் குரல்காரிக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கைதட்டு கிடைக்கும் இடம் அவளுக்கு உலகத்தில் அது ஒன்றுதான்.

4

மறுநாள் மைக் சரியாகிவிட்டது. அவள்தான் சரியாகவில்லை. கேப்டன் சுற்றும்போது சுகர் வரி நாக்கு நுனி வரை வந்து நின்றது. "வாக்கிங்... ம்... வாக்கிங்" என்று இழுத்தாள். வாளி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

காட்சி முடிந்ததும் தொட்டியின் பின்கட்டுக்குப் போனாள். அவர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது ஏன் சுத்துது?"

"உனக்குத்தான் தெரியுமே. சுகர்."

"விளையாடாதீங்கண்ணே."

அவர் குழாயை மூடினார். "வேற என்ன செய்யும் சொல்லு? இங்க என்ன இருக்கு? போகுது, சுவர் வருது, திரும்புது. நானும் கதவைத் தொறந்து விட்டுரலாம்னு நினைச்சவன்தான். எங்க விடுறது? மீன் புடிக்கத் தெரியாது. வாளியப் பாத்தாத்தான் வாயத் தொறக்கும். கடல்ல விட்டா பட்டினி கிடந்து செத்துரும்."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப? ஒருத்தன் பண்ணது தப்புன்னே வெச்சுக்க. தப்பு முடிஞ்சு போச்சு, ஜீவன் இருக்கே. நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்கறேன்." பிறகு, ஏதோ அவள்தான் தொட்டியைக் கட்டியவள் போல, கோபமாக, "கண்ணு வேற பாலா படருது. குளோரின் தண்ணிய உப்புத் தண்ணியா மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. உன் மைக்கு போனா மட்டும் உடனே ஆள் வருது" என்றார்.

5

ஆள் அனுப்பியவர் மேலாளர். நல்ல மனிதர். [எனக்கு இவரை வில்லனாக்க ஆசைதான், மீசைகூட வரைந்து பார்த்தேன். ஆனால் குரல்காரிக்கு அவர் மேல் ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு கேட்கும் முன்பே கொடுக்கிறவர். மீசையை எடுத்துவிட்டேன்.]

அவர் இனிப்பான செய்தியோடு வந்தார். "குட்டி ஒண்ணு வருதும்மா. பால்குடி மறந்ததும் கொண்டாந்துடுவாங்க. பேரு 'குட்டி கேப்டன்'. மழலைக் குரல் ஒண்ணு ரெடி பண்ணிக்கோ. ஞாயித்துக்கிழமை ஷோவுல கேப்டனே சொல்ற மாதிரி அறிவிச்சுடலாம். 'எனக்குத் துணைக்கு ஆள் வருது'ன்னு."

"அதுவும் தொட்டியிலேயேதான் இருக்குமா சார்?"

"பின்ன? படுக்கையறை கட்டித் தரணுமா?" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து, "இது தனியா இருக்கேன்னுதாம்மா. நானும் மனுஷன்தானே" என்றார். உண்மையாகவே சொன்னார்.

கேப்டனை இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வாளி அண்ணன் சொன்னதை அவள் ஒருவாறு விழுங்கியிருந்தாள். இந்தக் குட்டியை விழுங்க முடியவில்லை. அதற்கு இன்னும் தப்பு நடக்கவில்லையே.

6

இந்த இடத்தில் எழுதுகிறவனுக்குக் கை அரிக்கும். கொஞ்சம் சொறிந்துகொள்ள அனுமதியுங்கள்.

ஒரு முடிவு: கண்ணாடி உடைகிறது. வெள்ளத்தோடு கேப்டன் நகரும் படிக்கட்டில் இறங்குகிறது. சாப்பாட்டுக் கடைகளில் மீன் வறுவலை ஒரு பார்வை பார்க்கிறது; துணிக்கடையில் சேலை ஒன்று கழுத்தில் மாட்டிக்கொள்கிறது; வாசனைத் திரவியக் கடைப் பெண் பழக்கதோஷத்தில் அதன் மேலும் இரண்டு பீச்சு பீச்சுகிறாள். மணக்க மணக்க வாசலுக்கு வந்து, மழையில்—

மழையில் எங்கே போகும்? வாளி அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. என்னிடம் படிக்கட்டு இருக்கிறது, சேலை இருக்கிறது, மழையும் இருக்கிறது. மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்க என்னால் ஆகாது.

இன்னொரு முடிவு: அவள் கேப்டன் குரலிலேயே கூட்டத்திடம் கதறுகிறாள். 'என்னை விட்டுருங்க!' அரங்கமே அழுகிறது. இதைத்தான் அவளும் முதலில் நினைத்தாளாம். சமையலறையில் ஒத்திகையும் பார்த்தாள். நாத்தனார் வெங்காயம் அரிந்துகொண்டே, "இதுவும் நீதானே பேசுற?" என்று கேட்டாளாம்.

அதோடு அந்த முடிவும் போயிற்று.

7

நடந்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. குரல்காரி கண்ணாடி அறைக்குள் போகவில்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டி விளிம்புக்கு வந்து நின்றாள். கைகால் உதறியது. கூட்டம் ஏதோ புது ஐட்டம் என்று உற்சாகமானது. மேலாளர் கதவருகே, அறிவிப்புக்காகப் பலூன் வைத்துக்கொண்டு நின்றார்.

"வணக்கம்" என்றாள். சொந்தக் குரல் மைக்கில் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது, மெல்லிசாக இருந்தது. "இவ்வளவு நாள் பேசினது கேப்டன் இல்லீங்க, நான். சுகர்னு சொன்னதும் நான்தான். இதுக்கு என்ன தோணுதுன்னு எனக்குத் தெரியாது. குட்டி ஒண்ணு கொண்டுவரப் போறாங்க. அதுக்கு நான் பேச மாட்டேன். இப்போ கொஞ்ச நேரம் வாய மூடிக்கிறேன். நீங்களே பாத்துக்கோங்க."

மைக்கைத் தரையில் வைத்தாள். மேலாளர், "பாட்டப் போடு, பாட்டப் போடு!" என்று கையை ஆட்டினார். வாளி அண்ணன் அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பிறகு வாளியை மூடி போட்டு மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் பார்த்தது. அப்போது கேப்டன்—

[இருங்கள். முதலில் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.]

8

அன்றே வேலை போயிற்று. மேலாளர் திட்டவில்லை, "என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவருக்கு நிஜமாகவே மனசு நொந்துபோனது. அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கேப்டனுக்காக அல்ல, கைதட்டலுக்காக. இதை மறைக்காமல் சொன்னாள், நானும் மறைக்கவில்லை.

வேறு ஆள் கிடைக்காமல் கொஞ்ச நாள் மேலாளரே குரல் கொடுத்துப் பார்த்தார். அவருடைய கேப்டன், "பார்வையாளர்கள் அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று பேசியது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காத கூட்டம் உற்றுப் பார்த்தது. உற்றுப் பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள். குட்டி வருவதைத் தள்ளிவைத்தார்கள். "தள்ளித்தான் வெச்சிருக்காங்க" என்றாள் குரல்காரி. "வேற எந்த ஊர்த் தொட்டிக்குப் போச்சோ, தெரியல." வாளி அண்ணன் அங்கேயேதான் இருக்கிறார். உப்புத் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கண் கொஞ்சம் தெளிந்திருக்கிறதாம்.

[அவளுக்கு இப்போது ரயிலில் 'கதவுகள் திறக்கின்றன' என்று அறிவிக்கும் வேலை என எழுதினேன். அடித்துவிட்டேன். இவ்வளவு பொருத்தமான வேலை நிஜத்தில் யாருக்கும் கிடைப்பதில்லை. அவள் நாத்தனாரிடம் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள், சுமாராகத் தைக்கிறாளாம்.]

9

மறந்திருக்க மாட்டீர்கள். 'அப்போது கேப்டன்—' என்று ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தேன்.

குரல் இல்லை, பாட்டு இல்லை, வாளிக்கு மூடி. அத்தனை பேர் மூச்சடக்கிப் பார்க்க, கேப்டன் ஒன்று செய்தது. குரல்காரி எனக்குச் சொன்னாள்; சொல்லும்போது ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். கேட்டு எனக்கு மரத்துப்போன பாதிக் கன்னமும் சிலிர்த்தது. இந்தக் கதையிலேயே அதுதான் நல்ல இடம். மூன்று விதமாக எழுதியும் வைத்திருக்கிறேன்; மூன்றுமே நன்றாக வந்திருக்கின்றன.

போட மாட்டேன்.

போட்டால் நீங்கள் கைதட்டிவிடுவீர்கள்.