தொடர்பு எல்லைக்கு வெளியே

அண்ணனுக்குக் கருமாதி வைத்திருந்த அன்று காலையில், அண்ணனின் நம்பரிலிருந்து அண்ணிக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது.

நான் அப்போது சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் இருந்தேன். தை மாதப் பனி. புதுச்சத்திரம் தாண்டியதும் வயல் எது, உப்பங்கழி எது என்று தெரியவில்லை. வெளியே ஒரே வெண்மை, அதற்குள் அங்கங்கே ஒரு பனைமரம் மிதந்து வந்து பின்னால் போனது. அரைத்தூக்கத்தில் இருந்தவளைக் கொளஞ்சியப்பன் மாமாவின் போன் எழுப்பியது.

"கயலு, எங்க வர? உங்கண்ணி அன்னக்கூடையத் தூக்கிகினு கடலாண்ட போயிட்டா."

"எதுக்கு மாமா?"

"வினோத்து ரெண்டு ரிங் வுட்டானாம்." மாமா மூச்சை இழுத்துவிட்டார். "ஐயரு வந்து குந்தியிருக்காரு. உங்கம்மா வேற, அவ வந்தாத்தான் ஆச்சுன்றா. நீ சொன்னாதான் அவ கேப்பா."

தேவனாம்பட்டினத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போன போட்டுகள் திரும்பி வந்து டவர் கிடைத்ததும், ஒவ்வொருவரும் வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். இரண்டு ரிங் விட்டுக் கட் செய்தால், வந்துவிட்டேன், கூடையோடு கரைக்கு வா என்று அர்த்தம். ஒரு ரிங் என்றால் நேரமாகும். யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அவன் காசு போய்விடும்.

வினோத்குமார் அண்ணன் போகும்போதும் அடிப்பான். கரையை விட்டதும் ஒன்று, கொஞ்சம் தள்ளிப் போய் ஒன்று என்று டவர் இருக்கும்வரை அர்த்தமில்லாமல் அடித்துக்கொண்டே போவான். பிறகு நின்றுவிடும். அண்ணி மோகனப்பிரியா சிரித்துக்கொண்டே போனை ஜன்னலில் வைப்பாள். "போயிட்டாரு, எல்லைக்கு அந்தாண்ட."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் போட்டில் போனவர்களில் மற்றவர்கள் திரும்பினார்கள். இவனைக் காற்று தட்டிவிட்டது என்றார்கள். உடம்பு கிடைக்கவில்லை. 'சிலோன்காரன் புடிச்சி வச்சிருப்பான்' என்று அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணியோ தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் நம்பருக்குப் போன் செய்வாள். 'நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்சமயம் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று ஒரு பெண்குரல் சொல்லும். முழுதாகக் கேட்டுவிட்டு வைப்பாள்.

தாலியை இறக்க அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. போன மாதம்தான், 'சரி, கருமாதி செய்யுங்கள்' என்றாள். இன்று நின்றுபோனால் அவள் இனி ஒருபோதும் சம்மதிக்க மாட்டாள். அவளுக்கு என் வயதுதான். அந்த ஜன்னலோரத்திலேயே நரைத்துவிடுவாள்.

நான் செய்வது கருந்துளை ஆராய்ச்சி. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து கருந்துளைக்குப் போய்ச் சேரும் வாயு, விழுவதற்குமுன் சூடேறி எக்ஸ் கதிர்களாகத் துடிக்கும். செயற்கைக்கோள் பதிந்த அந்தத் துடிப்புகளைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விழுகிறவன் ஒருவன் தன் கடிகாரப்படி சீராக ஒரு விளக்கை மினுக்கிக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொண்டால், தூரத்தில் நிற்பவளுக்கு ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போகும். வெளிச்சம் சிவக்கும், மங்கும். ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டிய பிறகு அவன் மினுக்குவது எதுவும் வெளியே வராது. தாண்டுவதையும் அவள் பார்க்க மாட்டாள். எல்லையோரம் அவன் தயங்கி நிற்பதுபோலத்தான் தெரியும்.

இதை முதலில் அண்ணி பக்கத்தில் இருக்க அண்ணனிடம் சொன்னபோது, "அங்கயும் டவர் இல்லன்னு சொல்லு" என்று சிரித்தான்.

சில மதியங்களில், லேபில் யாரும் இல்லாதபோது, திரையில் துடிக்கும் கோடு எனக்குக் கடலாகிவிடும். அதில் எங்கோ இரண்டு துடிப்புகள் சேர்ந்து வருமா என்று தேடுவேன். தேடுகிறேன் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அண்ணியைச் சமாதானப்படுத்த என்னை அனுப்புகிறார்களே என்று இருந்தது.

கரைக்குப் போனபோது வெயில் இன்னும் பனியைக் கிழிக்கவில்லை. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களிலிருந்து தள்ளி அண்ணி நின்றாள். கருமாதிக்கு எடுத்த புதுப்புடவை, தலையில் சும்மாட்டுத்துணி, இடுப்பில் அன்னக்கூடை.

விருத்தாம்பாள் அக்கா என்னைப் பார்த்து, "வா, டாக்டரம்மா. ஒங்க அண்ணி கெழக்கயே பாத்துகினு நிக்கறா. கண்ணு அவிஞ்சிடப் போவுது, இட்டுகினு போ" என்றாள். அதட்டிக்கொண்டே தன் கூடையை நகர்த்தி எனக்கு வழிவிட்டாள்.

அண்ணியின் பக்கத்தில் போய் நின்றேன். நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்று பஸ்ஸிலேயே வாக்கியம் தயார் செய்திருந்தேன். வாயெடுப்பதற்குள் அவள் திரும்பினாள்.

அவளே சொன்னாள். "போன வருஷமே அந்தப் பொம்பள வேற மாதிரி சொல்ல ஆரம்பிச்சிட்டா, கயலு. இந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு. அத்தைகிட்ட நான் சொல்லல. நேத்து சாயங்காலம் அடிச்சேன், ரிங் போச்சு. பயந்துபோய் கட் பண்ணிட்டேன். காலையில அங்கயிருந்து வருது, ரெண்டு ரிங்."

"அண்ணி, அது..."

"அவரு இல்லன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு ரிங் வந்தா கூடையத் தூக்காம எப்பிடிடீ இருக்கறது? காலு தானா வந்துடிச்சி."

அவள் போனை வாங்கி நானே அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு சின்னப் பெண்ணின் குரல் எடுத்தது. லால்பேட்டையாம். போன வாரம் வாங்கிய சிம்மாம்.

"எங்க ஊட்டுக்காரவங்க சவூதியில இருக்காங்க. அவங்க பேசறதுக்குன்னு வாங்குனது. நேத்து ஒரு ரிங் வந்து கட்டாச்சு, யாருன்னு தெரியல. பேலன்ஸ் இல்ல, அதான் காலைல ரெண்டு ரிங் வுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவள் மெதுவாக, "இன்னா லில்லாஹி..." என்றாள். "கடல்லயா மவுத்தானாங்க?"

போனை அண்ணியிடம் நீட்டினேன். வாங்காமல் என்னையே பார்த்தாள்.

"நீ படிக்கிறியே, அதுல பாத்துகிட்டு நிக்கறவ எவ்ளோ நாள்தான் நிப்பா?"

"வெளிச்சம் நெல்லு மாதிரி மணி மணியா வருது அண்ணி. மங்கிகிட்டே போனா, கடைசி மணின்னு ஒண்ணு இருந்துதான் ஆவணும். அதுக்கப்புறம் இருட்டுதான்."

"அதுதான் கடைசின்னு அவளுக்குத் தெரியுமா?"

"வரும்போது தெரியாது. அப்புறம் ஒண்ணும் வரலன்னாத்தான் தெரியும்."

"அவருக்கு? தாண்டும்போது?"

"ஒண்ணும் தெரியாது. அவருக்கு அது எப்பவும்போல இன்னொரு நொடி."

அவள் உதட்டை மடித்துக்கொண்டாள். பனிக்குள் எங்கோ ஓர் எஞ்சின் சத்தம் நெருங்கியது. எங்களுக்குப் பின்னால் ஒரு போன் இரண்டு முறை ஒலித்து நின்றது. விருத்தாம்பாள் அக்கா எழுந்து புடவையை உதறினாள். இன்னொரு போன், இன்னொரு இரண்டு ரிங். பனிக்குள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் கூடைகளோடு எங்களைத் தாண்டி நீரை நோக்கிப் போனார்கள்.

அண்ணி போனை வாங்கினாள். "தோ பாரும்மா, இப்ப ஒரே ஒரு வாட்டி அடிக்கிறேன். எடுக்காத."

"நீங்க அடிங்க அக்கா. எடுக்க மாட்டேன்."

வைத்துவிட்டு மறுபடி அடித்தாள். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டிருந்தாள். ரிங் போனது. மூன்று வருஷமாக அந்தப் பெண்குரல் குறுக்கிட்ட நம்பரில், அவள் பயந்து கட் செய்யாத ஒரு ரிங். கடல் சத்தத்துக்கு நடுவே அது வெகுதூரம் போவதுபோல இருந்தது. லால்பேட்டைக்கு அல்ல, கிழக்கே. இன்னொன்றும் போனது. கட் செய்தாள்.

கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. நானும்தான் காத்திருந்தேன். பனி விலகி, ஈரமணலில் எங்கள் காலடிகள் தெரிய ஆரம்பித்தன.

அண்ணி சும்மாட்டுத்துணியை அவிழ்த்து வெறும் கூடைக்குள் போட்டாள். ஒரு கைப்பிடியை என்னிடம் கொடுத்தாள்.

"பிடி. அத்தைக்கு ரெண்டு ரிங் வுடு. வரோம்னு."