எனக்குத் தெரியக்கூடாத சொல்

ஜவாஹிறா வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, கடையில் வேறு வாடிக்கையாளர் யாரும் இருக்கவில்லை. வழக்கமாகச் சிரித்துக்கொண்டு வருகிறவள் அன்று சிரிக்கவில்லை. நேரே சிவமணியின் மேசைக்கு வந்து நின்றாள்.

"சிவமணி அக்கா, இவர் ஜித்தாவில இருந்து காலையில கோல் எடுத்தார். உம்மாக்கு ஒப்பரேஷன், ஆரோ ஒருத்தர்ட பேருக்குச் சல்லி அனுப்புங்க எண்டு நான் மெயில் போட்டேனாம். நான் அப்பிடி ஒண்டும் எழுதல்ல."

"காசு அனுப்பிப்போட்டாரோ?"

"இல்ல. 'அன்புள்ள ஸாலிஹ்' எண்டு தொடங்கியிருந்திச்சாம். கலியாணம் முடிச்சுப் பதினொரு வருசத்தில நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அதுலதான் அவருக்குச் சந்தேகம் வந்திச்சு."

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் அந்த 'கொம்யூனிகேஷன்' இருந்தது. இரண்டு தொலைபேசிப் பெட்டிகள், ஒரு போட்டோகொப்பி இயந்திரம், நான்கு கணினிகள். தொலைபேசியையும் போட்டோகொப்பியையும் சிவமணியின் கணவர் நாகேந்திரம் பார்த்துக்கொள்வார். கணினிகள் அவளுடைய பொறுப்பு. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடப்பட்ட பிறகு கடையில் சனம் குறையவே இல்லை. கொழும்புக்கு ஒரு கிழமை வேலையாக வந்தவர்கள் திரும்பிப் போக வழியில்லாமல் லொட்ஜுகளில் மாதக்கணக்காக இருந்தார்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள் இன்னொரு பக்கம். எல்லாருக்கும் எங்கோ ஒரு இடத்தில் ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளிடம் ஒரு வார்த்தை போய்ச் சேர வேண்டியிருந்தது.

சிவமணி ஜவாஹிறாவை உட்கார வைத்து அவளுடைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தாள். அனுப்பிய கடிதங்களுக்குள் அது இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழுதப்பட்டிருந்தது. அந்த நேரம் தான் மகளின் பள்ளிக்கூடத்தில் நின்றதாக ஜவாஹிறா சொன்னாள்.

"உங்கட பாஸ்வேர்டை ஆருக்கும் சொன்னீங்களோ?"

"உங்களுக்கு மட்டும்தானே தெரியும், அக்கா."

ஜவாஹிறா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனாலும் சிவமணிக்கு முகம் சுட்டது.

பம்பலப்பிட்டியில் கணினி திருத்தும் நிலாம் பின்னேரம் வந்தான். மூன்று கணினிகளைப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த நான்காவதில் நெடுநேரம் இருந்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இதுல ஒரு புரோகிராம் ஒளிஞ்சு ஓடிக்கொண்டிருக்கு. கீபோர்ட்ல என்ன தட்டினாலும் எழுதி வச்சுக்கொள்ளும். கேம் இருக்கு எண்டு ஆரும் சீடி கொண்டுவந்து போட்டாங்களா?"

எத்தனையோ பேர் சீடி கொண்டுவந்திருந்தார்கள். அவள் யாரையும் தடுத்ததில்லை.

நிலாம் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினான். திரை முழுக்க எழுத்து. இடைவெளி இல்லாமல், பிழை திருத்தி அடித்த எழுத்துகளும் சேர்ந்து, ஒன்றரை மாதத்துக் கடிதங்கள். முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு வரி விளங்கியது. லொட்ஜில் இருக்கும் இரத்தினசிங்கம் ஐயா சொல்லச் சொல்ல, யாழ்ப்பாணத்திலிருக்கும் அவருடைய மகளுக்கு அவளே தட்டிய கடிதம் அது. 'அரிசி கிடைக்குதோ, மருந்து முடிஞ்சுதோ, உண்மையைச் சொல்லு' என்றிருந்தது. அதற்கு மேல் அவள் வாசிக்கவில்லை.

நிலாம் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டான். "இந்த பாஸ்வேர்ட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. ஆள்ட பேர், பின்னால நாலு நம்பர். எல்லாருக்கும் அதே நாலு நம்பர்."

"கடை போனின்ர கடைசி நாலு நம்பர்," என்றாள் சிவமணி. "நான்தான் வைச்சுக் குடுத்தனான். ஆக்கள் மறந்துபோவினம் எண்டு."

"அந்த நம்பர் வெளியில போர்ட்ல பெரிசா இருக்கே, அக்கா. ரெண்டு பாஸ்வேர்டைப் பார்த்தவனுக்கு மிச்சமெல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான். இந்த மெஷினுக்கு வராத ஆக்களோடதும் போயிரும்."

ஐந்து வருடமாக அவள் கணக்குத் திறந்து கொடுத்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. மறக்காமலிருக்க வழி செய்தேன் என்று அதுவரை அவள் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நாகேந்திரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் வாசற் கதவைச் சாத்தினார்.

"நிலாம் துடைச்சுத் தந்திடுவான். அதோட விடு. ஒருத்தருக்கும் சொல்லாத."

"சொல்லாட்டி அவையள் எப்பிடி மாத்துவினம்?"

"சொன்னா கடை முடிஞ்சுது. இந்த ஒழுங்கையிலேயே இன்னும் மூண்டு கொம்யூனிகேஷன் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "கடை போனாலும் பரவாயில்லை. ஒரு தமிழன்ர கடையில ஆக்கள் எழுதிறதை ஒளிச்சுப் பதிஞ்ச மிஷின் இருந்தது எண்டு கதை போனா, பொலிஸ் ஆரை முதல் ஏத்தும்? ஆர் வைச்சது எண்டு உன்னால காட்டேலுமோ?"

அவளால் காட்ட முடியாது. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. போன மாதம்தான் பக்கத்து லொட்ஜில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். ஆனால் இரத்தினசிங்கம் ஐயாவின் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. அந்தக் கடிதத்தைச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறியதும், கடையிலிருந்த மற்றவர்களுக்குக் கேட்காமலிருக்கத் அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்ததும் அவளுக்குத் தெரியும். அவ்வளவு கவனமாக அவர் சொன்னதை, யாரோ ஒருவன் சாவகாசமாக உட்கார்ந்து வாசித்திருக்கிறான். அதற்கு வழி வைத்தது தன்னுடைய சுலப புத்தி.

காலையில் தேத்தண்ணியைக் கணவருக்குக் கொடுத்துவிட்டு, "நான் சொல்லப்போறன்," என்றாள். "உங்களுக்குப் பயமெண்டா ரெண்டு நாளைக்குக் கடைக்கு வராதேங்கோ."

நாகேந்திரம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "ஆக்களின்ர லிஸ்ட் எங்க கிடக்கு?" என்று கேட்டார்.

இரண்டு நாட்கள் கணினிகளை மூடி வைத்தார்கள். நிலாம் நான்கையும் வெறுமையாக்கி, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். வாடிக்கையாளர்கள் தாங்களாக எந்தப் புரோகிராமையும் ஏற்ற முடியாதபடி பூட்டினான். வைரஸ் காவலுக்கும் ஒன்று போட்டு, கிழமைக்கு ஒருதரம் அதைப் புதுப்பிக்கும் விதத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்தான். அந்த நேரத்தில் அவள் முதலில் ஜவாஹிறா வீட்டுக்குப் போனாள். பிறகு நாகேந்திரமும் அவளுமாக லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கினார்கள்.

எல்லாரும் நல்லபடி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். இன்னொருவர், "இதை வெளியில சொல்லித் திரியிறீங்களே, உங்களுக்கு விசரோ?" என்றார். விசாவுக்குக் காத்திருந்த ஒரு இளம்பெண் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவருக்கு எழுதினதெல்லாம் ஆரோ வாசிச்சிருப்பினமோ, அக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் சிவமணிக்கு ஆசையாக இருந்தது. "வாசிச்சிருக்கலாம். எனக்குத் தெரியாது," என்றாள். "ஆனா இனி வாசிக்க ஏலாது. நாளைக்கு வந்து நீங்களே மாத்துங்கோ. பழையதை வேற எங்கயாவது பாவிச்சிருந்தா அதையும் மாத்துங்கோ."

மூன்றாம் நாள் கடையைத் திறந்தபோது பத்து மணிவரை ஒருவரும் வரவில்லை. நாகேந்திரம் போட்டோகொப்பி இயந்திரத்தைத் தேவையில்லாமல் இரண்டு தரம் துடைத்தார். பிறகு ஜவாஹிறா வந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. அது தெரியும்படியாகத்தான் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பிடிப் போடுறது எண்டு சொல்லுங்க."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வசனத்தை யோசியுங்கோ. நல்லா நீளமா இருக்கட்டும். ஆரும் உங்களைப் பற்றி விசாரிச்சா அம்பிடிற விசயமா இருக்கக்கூடாது. பிள்ளையின்ர பேர், வீட்டு நம்பர் எல்லாம் வேண்டாம். அதைத் தமிழில நினைச்சு இங்கிலிஷ் எழுத்தில தட்டுங்கோ. நடுவில ஏதாவது நம்பர் ஒண்டும் போடுங்கோ."

ஜவாஹிறா கொஞ்சம் யோசித்தாள். இந்த விசயம் தொடங்கிய பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "சரி, ஒண்டு இருக்கு."

"எனக்குச் சொல்லாதேங்கோ," என்று சிவமணி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

மத்தியானத்துக்குள் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். இரத்தினசிங்கம் ஐயா கடைசியாக வந்தார். எழுபது வயது. ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். கீபோர்டை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

"நீரே ஒண்டைப் போட்டுவிடும், பிள்ளை. உம்மில எனக்கு ஒரு குறையும் இல்லை."

"இல்லை ஐயா. அது எனக்குத் தெரியக்கூடாத சொல்."

"எனக்குத் தட்டத் தெரியாதே."

"ஒவ்வொண்டாத் தட்டுங்கோ. நான் அவசரப்படுத்தமாட்டன்."

அவர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். சரிபார்க்க இரண்டாம் தரம் தட்டச் சொன்னபோது இரண்டும் பொருந்தவில்லை. மறுபடி தொடங்கினார். சிவமணி சுவரைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் ஒவ்வொரு எழுத்தும் விழும் சத்தம் கேட்டது. இருபத்தைந்து நிமிடம் சென்று, "எடுத்திட்டுது," என்றார். தலையில் வேர்த்திருந்தது. அடுத்த கிழமை அவர் வந்தபோது, "நீர் இரும், கடிதத்தையும் நானே தட்டிப் பார்க்கிறன்," என்றார். மகளுக்கு நான்கு வரி எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த நான்கு வரியில் என்ன இருந்தது என்று சிவமணிக்குத் தெரியாது. தெரியாமலிருந்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

வருகிற எல்லாருக்கும் ஒரே விசயத்தைச் சொல்லிக் களைத்து, அவள் அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். எழும்பிப் போகுமுன் கணக்கை மூடிவிட்டுப் போங்கள். மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு எழும்புங்கள். பாஸ்வேர்டைக் கேட்டோ காசு கேட்டோ மெயில் வந்தால், எழுதியது தெரிந்த ஆளாக இருந்தாலும், ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பாஸ்வேர்டை எனக்கும் சொல்லாதீர்கள்.

லொட்ஜுகளில் பதிவு பார்க்க வந்த பொலிஸ்காரர் ஒருவர் அந்தத் தாளைக் கண்டுவிட்டார். நாகேந்திரத்தின் கை போட்டோகொப்பி மூடியின் மேல் அப்படியே நின்றது.

"மேக்கே மொனவத லியலா தியென்னே?" இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார் பொலிஸ்காரர்.

சிவமணி ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னாள். ஏன் எழுதினாய் என்று கேட்டார். ஒரு வாடிக்கையாளரின் கடிதப் பெட்டியை யாரோ களவாகத் திறந்ததையும், தன் கணினி ஒன்றில் அதற்கான புரோகிராம் இருந்ததையும், அதை அழித்துவிட்டு எல்லாருக்கும் அறிவித்ததையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தங்கை இத்தாலியில் வேலை செய்வதாகவும், அவளுக்குத் தன் மனைவி ஊரில் ஒரு கடையிலிருந்துதான் மெயில் போடுவதாகவும் பிறகு சொன்னார். பாஸ்வேர்ட் மகனின் பெயராம்.

"இதைச் சிங்களத்திலும் எழுதி எனக்கு ஒன்று கொடுங்கள்," என்றார். கட்டளையா வேண்டுகோளா என்று பிரிக்க முடியாத குரல். சிவமணி அங்கேயே எழுதினாள். நாகேந்திரம் பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தார். பொலிஸ்காரர் போன பிறகு கதிரையில் உட்கார்ந்து ஒரு சோடாவை ஒரே மூச்சில் குடித்தார்.

அந்தப் புரோகிராமை வைத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவரவில்லை. விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வரவுமில்லை. ஆனால் கார்த்திகை மழை தொடங்கியபோது புதிய முகங்கள் வந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்து ஐறீன் என்ற ஆசிரியை அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டு இரண்டு பஸ் ஏறி வந்தாள். கடிதம் அனுப்ப அவள் வரவில்லை.

"எங்கட மாதா கோயில் ஹோலில ரெண்டு கொம்பியூட்டர் சும்மா கிடக்கு, மிஸ். வெளிநாட்டில பிள்ளையள் இருக்கிற அம்மாமார் முப்பது பேர் வரை இருக்கினம். நீங்க சனிக்கிழமையில வந்து சொல்லித் தருவீங்களோ?"

சிவமணி கணவரைப் பார்த்தாள். "நாலு மிஷினையும் நான் பார்க்கிறன், போயிட்டு வா," என்றார் அவர்.

முதல் சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். நனைந்த செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு முன் வாங்கில் நெருக்கமாக உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா கையை உயர்த்தி, "தங்கச்சி, இதைத் தொட்டா ஒண்டும் உடையாதே?" என்று கேட்டார்.

"உடையாது," என்றாள் சிவமணி. "வந்து தொடுங்கோ."