ஹுனாஸ் குழுவின் அரை மூச்சு

எங்கள் தீவின் சான் ஹுவான் கடற்கரையில் ஹுனாஸ் குழு ரெகே வாசிக்கும்போது, பாட்டின் நடுவே ஓரிடத்தில் ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாக முழங்காலை மடக்குவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. டிரம் அரை மூச்சு பின்வாங்கும், பேஸ் கிடார் கூடவே தாழும், கூட்டம் முழுவதும் ஒரு படி இறங்கிப் பிறகு எழும். டுமகெத்தே நகரத்திலிருந்து படகில் வருகிறவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்தே நிற்பார்கள். பக்கத்து ஆள்மேல் இடித்துக்கொண்டு அசடு வழிவார்கள். யார் எங்கள் தீவு, யார் வெளியூர் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

அவர்கள் வாசிக்கும் மதுக்கடையின் வேலியோரம் நான் பன்றி இறைச்சி சுட்டு விற்கிறேன். கூடவே தென்னங்குருத்தில் பின்னி வேகவைத்த பூசோ சோறு. சந்தைப் பக்கம் போனால் இன்னும் நன்றாக விற்கும் என்று தங்கைகள் சொல்லி அலுத்துவிட்டார்கள். சந்தையில் ஹுனாஸ் வாசிப்பதில்லையே.

முதன்முதலில் அவர்களைக் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தம்பி தங்கைகளின் சோறு, துணி, காய்ச்சல் எல்லாம் என் தலையில். நான் சாய்ந்தால் வீடே சாய்ந்துவிடும் என்று விறைப்பாக நடந்து பழகியிருந்தேன். திருவிழா மாலையில் தங்கைகளுக்குத் துணையாகத்தான் போனேன். கைகட்டி நின்றிருந்தேன். அந்த இடம் வந்தது. என்னைக் கேட்காமலேயே என் முழங்கால் மடங்கியது. தாளம் என்னை ஒரு கணம் கைவிட்டது, மறுகணமே பிடித்துக்கொண்டது. விழுவதற்கு இடம் உண்டு, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவர்கள் எங்கே வாசித்தாலும் போவேன். கடலோரக் காவல்படை புயலுக்காகப் படகை நிறுத்திய நாள், மழையில் நின்றுபோன வாடகை டிரைசிகிள், மாமியார் வளர்த்த சேவல் என்று எங்கள் பிசாயா மொழியில் அவர்கள் கட்டிய எல்லாப் பாட்டிலும் அந்த இறக்கம் இருந்தது. ரெகேயில் முதல் தட்டை வெறுமையாக விடுவார்கள், கிடார் இடைவெளிகளில் வெட்டிக்கொண்டு போகும். அந்த வெறுமைக்குள்ளேயே எங்கள் ஆட்கள் இன்னொரு பள்ளம் தோண்டிவிட்டார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அந்தப் பெருமைக்குச் சோதனை வந்தது.

உல்லாசக் கப்பல்களுக்கு இசைக்குழு தேர்ந்தெடுக்கும் மிஸ் வில்யாரெயால் மணிலாவிலிருந்து சனிக்கிழமை வருவதாக இருந்தார். கப்பல் வேலை கிடைத்தால் ஒரு வருஷ ஒப்பந்தம். ஆனால் கப்பல்காரர்களுக்குப் பிளகாதோ வேண்டும். இசைத்தட்டில் இருப்பதை மயிரிழை பிசகாமல் அப்படியே வாசிப்பதற்கு எங்கள் வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் அது. உலகத்தில் பாதி ஓட்டல்களில் எங்கள் ஆட்கள் அதைச் செய்துதான் பிழைக்கிறார்கள். ஹுனாஸ் தொடங்கியதே ஒரு பழைய ஜமைக்கா பாட்டைப் பிளகாதோவாக வாசித்துத்தான். அதையே வாசித்துக் காட்டுவோம் என்றார் நிலோ. பேஸ் வாசித்துப் பாடுகிறவரும் குழுவின் தலைவரும் அவர்தான்.

ஒத்திகையில் கிடார்காரன் கிர்பி அசல் பாட்டைத் தன் கைபேசியிலிருந்து பெரிய ஸ்பீக்கரில் போட்டான். செபூவில் இசை படித்தவன், சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நேராகப் போய்விட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னொரு தடவ போடு, டோங்," என்றார் நிலோ. எங்கள் பேச்சில் தம்பி டோங், அண்ணன் மனோங், தங்கை இந்தாய், அக்கா மனாங்.

மறுபடியும் நேராகத்தான் போனது.

"இது வேற ரெக்கார்டிங்கா இருக்கும்டா."

"ஒரே ரெக்கார்டிங்தான் மனோங். அவங்க ரோட்டுலதான் போறாங்க. நீங்கதான் குழில எறங்கி ஏர்றீங்க."

டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிஸ்தோ குச்சிகளை மடியில் வைத்தார். அதிகம் பேசாத மனிதர். மெல்லச் சொன்னார், "ஐஸ் ஃபேக்டரி."

"என்னது?" என்றார் நிலோ.

"கப்பல்ல வேல பாத்த உன் சித்தப்பா மகன் லீவுல வந்தப்போ கேசட் கொண்டாந்தான்ல. ஒரு மத்தியானம்தான் குடுத்தான், காப்பி பண்ணிக்கங்கன்னு. அவன் டேப் பெட்டி கரண்ட்ல ஓடுச்சு. நம்ம பெட்டி பேட்டரில."

நிலோவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும். ஐஸ் தொழிற்சாலையில் மோட்டாரைப் போட்டால் தெரு முழுக்க விளக்கு மங்கும், மின்விசிறி சோம்பும், பிறகு எல்லாம் நிமிரும். அன்று மத்தியானம் கேசட்டும் அப்படிச் சோம்பி நிமிர்ந்திருக்கிறது. பேட்டரியில் ஓடிய பெட்டி சோம்பாமல் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. அசல் கேசட் கப்பலோடு போய்விட்டது.

"அடப்பாவி! முப்பது வருஷமா மோட்டார பிளகாதோவா வாசிச்சிட்டு இருக்கோமா?" நிலோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கிர்பியும் சிரித்தான். பிஸ்தோ சிரிக்கவில்லை.

"சனிக்கெழம நேரா வாசிக்கணும்," என்றான் கிர்பி. "கப்பல்காரங்க அசல் பாட்டத் தலகீழா தெரிஞ்சவங்க, மனோங்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் பிஸ்தோ நேராக வாசிக்க முயன்றார். கிர்பியின் கைபேசி டிக் டிக் என்று தாளம் போட்டது. எல்லா இடத்திலும் அதனோடு போன கை, அந்த இடத்தில் மட்டும் தானாகப் பின்வாங்கியது. வெள்ளிக்கிழமை அவரே எழுந்துவிட்டார்.

"டுமகெத்தேல ஆர்னெல்னு ஒருத்தன் இருக்கான். நல்லா வாசிப்பான். அவன வரச் சொல்லுங்க."

யாரும் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் யார் மறுப்பதற்கு என்றும் தோன்றியது. நான் குழுவைச் சேர்ந்தவள் இல்லை. வேலிக்கு வெளியே கரியை விசிறுகிறவள்.

இறைச்சியைக் குச்சியில் கோத்தபடி என்னையே கேட்டுக்கொண்டேன். நான் இத்தனை காலம் நேசித்தது ஒரு மோட்டாரின் இழுப்பைத்தானா? முதலில் வெட்கமாக இருந்தது, யாரோ விளையாட்டுக்கு எழுதிய காதல் கடிதத்தைப் பத்திரப்படுத்தியவளைப்போல. பிறகு வேறொன்று தோன்றியது. அன்று மத்தியானம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும்தான் விளக்கு மங்கியது. மற்றவர்கள் திட்டிவிட்டு மறந்தார்கள். இவர்கள் மட்டும், தூரதேசத்துப் பாட்டுக்காரன் காரணம் இல்லாமல் இப்படிச் செய்யமாட்டான் என்று நம்பினார்கள். கற்றுத்தர ஆள் இல்லாத வாலிபர்கள். கேட்டதில் எதையும் தள்ளாமல், அந்தச் சறுக்கலுக்கும் ஒரு நியாயம் தேடியிருக்கிறார்கள். தேடித் தேடிக் கண்டுபிடித்தும்விட்டார்கள். பிஸ்தோவின் தோள் அங்கே தாழ்கிற விதத்தில் மோட்டார் எங்கே இருக்கிறது? என் வெட்கம் போய்விட்டது. முன்பைவிட அதிகமாக அவர்களைப் பிடித்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் ஊரே வந்திருந்தது. மிஸ் வில்யாரெயால் முன்வரிசையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மேடையில் ஆர்னெல். பிஸ்தோ என் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பியர் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"புகை அடிக்கும், மனோங்."

"பரவால்ல, இந்தாய். கண்ணுல தண்ணி வந்தா ஒரு சாக்கு ஆச்சு."

பாட்டு தொடங்கியது. ஆர்னெல் உண்மையிலேயே நன்றாக வாசித்தான். கூட்டம் ஆடியது. அந்த இடம் வந்தபோது டிரம்மும் கிடாரும் நேராகப் போயின. ஆனால் கூட்டம் மொத்தமும் முழங்காலை மடக்கியது. எழும்போது தாளம் அங்கே இல்லை. ஒருவர்மேல் ஒருவர் இடித்தார்கள். யாருடைய தொப்பியோ மணலில் விழுந்தது. மேடையில் நிலோவும் கூட்டத்தோடு இறங்கிவிட்டார். பேஸ் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். ஆர்னெல் மட்டும் பயணியை விட்டுவிட்டுப் போன டிரைசிகிள்காரனைப்போலக் கொஞ்ச தூரம் போய் நின்றான்.

"ஏய், எங்கடா அது? திருடிட்டீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். ஒரே சிரிப்பு.

மிஸ் வில்யாரெயால் எழுந்து மேடையருகே வந்தார். "டிரம், கிடார் ரெண்டும் பிரமாதம். இந்த ஆடுறவங்கதான் உங்கள கொழப்புறாங்க. அவங்கள உக்காரச் சொல்லுங்க. இன்னொரு தடவ நேரா வாசிங்க, நான் எடுத்துக்கறேன்."

கிர்பியின் முகம் மலர்ந்தது. நிலோ திரும்பினார். மூச்சு வாங்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்மேல் அவ்வளவு பிரியம்.

"அவங்கள உக்காரச் சொல்ல எனக்கு வாய் வராது, மேடம்," என்றார் நிலோ. பிறகு ஒலிபெருக்கியில், "பிஸ்தோ! அங்க என்ன, பன்னி திங்கறியா? வா மேல."

"மனோங், கப்பல்!" என்றான் கிர்பி.

"உன்ன எடுத்துக்குவாங்க, டோங். நீ நல்லா வாசிக்கிற. போயிட்டு வா. எங்கள நேராக்க இனிமே யாராலயும் முடியாது."

பிஸ்தோ பெட்டியைவிட்டு அசையவில்லை. "அது தப்பு, இந்தாய்," என்றார் என்னிடம். "தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி வாசிக்கறது?"

சொல்ல நினைத்திருந்ததில் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. "அந்தத் தப்புலதான் மனோங் நான் மொத மொதல்ல மூச்சு விட்டேன்," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கூச்சமாகிவிட்டது. "எந்திரிங்க. முழங்கால மடக்கிட்டு எவ்ளோ நேரம் நிக்கறது? எனக்கும் வயசாகுது."

அவர் சிரித்தார். புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. எழுந்து மணலைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனார். ஆர்னெல் எழுந்து குச்சிகளை அவர் கையில் கொடுத்தான்.

மறுபடியும் முதலிலிருந்து. அந்த இடம் வந்தது. பிஸ்தோவின் தோள் தாழ்ந்தது. பேஸ் தாழ்ந்தது, கடற்கரை தாழ்ந்தது, நான் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே தாழ்ந்தேன். கிர்பியின் கிடார் மட்டும் மேலே தனியாக ஒரு வெட்டு வெட்டியது.

"செபூக்காரா! கீழ வாடா!" என்று கூட்டம் கூவியது.

மிஸ் வில்யாரெயால் என்னிடம் ஒரு குச்சி இறைச்சி வாங்கிக் கடித்தபடி தலையை ஆட்டினார். "அழகாத்தான் இருக்கு, மனாங். ஆனா கப்பல் தளம் ஏற்கெனவே ஆடுது. இதுல இப்படி வேற எறக்கினா பயணம் வர்ற கெழவங்க எழுந்திரிக்கவே மாட்டாங்க." கிர்பியின் எண்ணை, மேடையிலிருந்து இறங்கி நின்ற ஆர்னெலிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, கடைசிப் படகைப் பிடிக்கப் போனார்.

அடுத்த பாட்டில் அந்த இடம் நெருங்கியபோது கிர்பி கைபேசியையும் பார்க்கவில்லை, தன் விரலையும் பார்க்கவில்லை. திரும்பி நின்று பிஸ்தோவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். தோள் தாழ்ந்தது, அவனும் இறங்கினான். எழும்போது அவன் வாய் திறந்தே இருந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

என் அடுப்பில் ஒரு வரிசை முழுக்கக் கருகியிருந்தது. வாங்கியவர்கள் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள்.