மூடாத கட்டம்

கணினி வழியாக மனக்குறை கேட்கும் ஆலோசகர் ஒருத்தியின் திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று தங்கிவிட்டது. அதே நேரத்தில் பெற்றவர்கள் அதே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நகரத்தில் முக்கால்வாசிப் பேர் நாள் முழுக்க இரண்டு இடத்தில் இருந்துதான் பிழைப்பை ஓட்டினார்கள்.

ஆலோசகர் குடியிருந்தது உயரமான கட்டடம் ஒன்றில். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சின்ன அறைதான் அவளுடைய தொழில் நடக்கும் இடம். முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் துணி, மேசை மேல் இரண்டு பொம்மைகள், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தண்ணீர் பாட்டில். காலையில் பிள்ளைகள், மத்தியானம் குடும்பங்கள், பொழுது சாயும்போது வேலை விட்டு வந்த பெரியவர்கள். எல்லோரும் ஒரு விரல் தட்டலில் வந்து, ஒரு விரல் தட்டலில் போனார்கள். அவளுக்கு என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது: இணைப்பை அவள் முதலில் துண்டிக்க மாட்டாள். வந்தவர்கள்தான் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பேசி முடித்த பிறகும் சிலர் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள், சொல்ல வந்த விஷயம் அப்போதுதான் வாயில் வரும் என்பது அவள் அனுபவம். பிள்ளைகள் விஷயத்தில் இதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தாள்.

அந்தக் குழந்தையின் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர், அம்மா மருந்துக் கடையில் வேலை செய்பவள். முந்தின வருடம் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்து, இரண்டே நாளில் போய்விட்டான். அப்பா தன் ஸ்பானரை எடுத்துத் தொட்டிலைக் கழற்றிப் பரண் மேல் போட்டார். அம்மா துணிமணிகளை யாருக்கோ கொடுத்தாள். பேர்கூட வைக்கவில்லை, அதனால் பேச்சில் வராமல் பார்த்துக்கொள்வதும் சுலபமாக இருந்தது. பெண் மட்டும் அழுதுகொண்டே இருந்தாள். “அழுகைய நிறுத்தணும் மேடம், வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார் அப்பா, முதல் நாளே, மோட்டாரில் சத்தம் வருகிறது என்று சொல்வது மாதிரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை நேரம் முடிந்ததும் பெற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். குழந்தை மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தது, தோள் குலுங்கியது. அடுத்து வரவேண்டிய புருஷனும் பெண்டாட்டியும் முன்னாலேயே வந்து, காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் சண்டையை ஆரம்பித்துவிட்டதாக அவளுடைய ஃபோனில் மாற்றி மாற்றிச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஆலோசகர் “சரிடா கண்ணா, அடுத்த வாரம் பாப்போம்” என்று சொல்லித் தன் கையால் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். குழந்தை தெரிந்த கட்டம் மூடவில்லை. வீட்டுச் சுவரும் சன்னலும் மட்டும் சாம்பல் நிறமாகிப் போயின. மேசை விளிம்பு, கவிழ்ந்த தலை, மஞ்சள் கிளிப், குலுங்கும் தோள், மெல்லிய அழுகைச் சத்தம் எல்லாம் திரையின் மூலையில் அப்படியே நின்றன.

கணினி ரிப்பேர் செய்பவர் வந்து எல்லாவற்றையும் அழித்து, புதிதாக ஏற்றிக் கொடுத்தார். குழந்தை இருந்தது. “பாப்பா யாரு, உங்க சொந்தமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேறு கணினி வாங்கச் சொன்னார். வேறு கணினியிலும் குழந்தை இருந்தது. ஒவ்வொரு நாளும் எல்லாக் கட்டங்களுக்கும் நடுவே அந்த ஒரு கட்டமும் இருந்தது, அவளிடம் வருகிற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கத்திக்கொண்டு வந்த தம்பதிகள் பிள்ளை அழுகிறதே என்று குரலைத் தாழ்த்தினார்கள், தாழ்த்திய குரலில் சண்டை நீடிக்கவில்லை. மூடின கதவைக் கண்டால் பயப்படும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், “என்னை விடுங்க, மொதல்ல அதைப் பாருங்க” என்று சொல்லிச் சொல்லியே குணமாகிவிட்டார். ஆலோசகருக்குக் கைராசி என்று பேர் பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அதுவும் புகழ்கிற வாயாக இருந்தால் மூடத்தான் யாருக்கு மனசு வரும்?

குழந்தையின் அம்மா நன்றி சொல்ல ஃபோனில் கூப்பிட்டாள். “அன்னிக்கோட அழுகை நின்னு போச்சு மேடம். தட்டுல வைக்கறத சாப்பிடறா. கதவுல விரல் நசுங்கினப்பகூட சத்தம் போடலன்னா பாருங்களேன்.” அப்போதே சொல்லியிருக்கலாம். உங்கள் பெண்ணின் அழுகை என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ஆலோசகர் சொல்லவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, தொழிலும் நன்றாக நடந்தது. இரண்டில் எது பெரிது என்று அவள் யோசிக்காமலே மாதங்கள் போயின. அவள் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் பக்கத்து அறையில் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது என்கிற நிலை வந்தது.

வீட்டில் இருந்த குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தாள். இளைக்கவில்லை, உயரம்கூட வளர்ந்தாள், ஆனால் குறைந்தாள். வகுப்பு ஆசிரியை பேர் கூப்பிடும்போது அவளைத் தாண்டிப் போனார். புகைப்படத்தில் அவள் நின்ற இடத்தில் பின்வரிசைப் பையனின் சட்டை தெரிந்தது. அம்மாவே ஒருநாள் இரண்டு தட்டு மட்டும் எடுத்து வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், இந்தப் பிள்ளை கேட்கவும் இல்லை, பசிக்கிறது என்று சொல்லவும் இல்லை.

அப்பா இதையெல்லாம் மறதிக் கணக்கில் எழுதிவிட்டார். ஒருநாள் அவர்கள் கட்டடத்து லிஃப்ட் கதவு குழந்தையின் தோளை இடித்துக்கொண்டு மூடியது. ஆள் நிற்பது தெரிந்தால் தானாகத் திறந்துகொள்ளும் கதவு அது, அவரே பொருத்தியது. அவர் தன் கையை நீட்டிப் பார்த்தார், கதவு திறந்தது. குடையை நீட்டினார், மடித்த செய்தித்தாளை நீட்டினார், ஒரு நூல்கண்டைக்கூட நீட்டினார். எல்லாவற்றுக்கும் திறந்தது. பெண்ணைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். கதவு இரண்டு பக்கமிருந்தும் நிதானமாக வந்து அவளை நெருக்கியது. அவள் “பரவால்லப்பா” என்றாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் திரைக்கு முன்னால் வந்தார்கள். ஆலோசகர் இந்த முறை மறைக்கவில்லை. மூலையில் இருந்த கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“அப்ப எங்க வீட்ல இருக்கறது யாரு?” என்று கேட்டார் அப்பா.

“அதுவும் உங்க பொண்ணுதான் சார். தப்பு என் மேல. அவ கெளம்பறதுக்கு முன்னாடி நான் மூடிட்டேன்.” திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அம்மா திரையை ஒட்டி வந்தாள். “கண்ணு, அம்மா வந்திருக்கேன். வீட்டுக்கு வாடா.”

கட்டத்துக்குள் இருந்த தலை அசையவில்லை. “இப்ப வர முடியாதும்மா.”

“ஏன்டா?”

“தம்பி இன்னும் தூங்கல.”

அவள் முதல் முறையாக நிமிர்ந்து, நாற்காலியில் சாய்ந்தாள். முகத்தில் கண்ணீர் இல்லை, களைப்பு இருந்தது. மடியில், ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி, ஒரு சிசு அழுதுகொண்டிருந்தது. இத்தனை மாதமாக விம்மல் என்று ஆலோசகர் நினைத்துக்கொண்டிருந்தது தாலாட்டு. தோள் குலுங்கியது பிள்ளையை ஆட்டியதால். மனசைப் படித்தவள் என்று ஊரே கொண்டாடியவளுக்கு இத்தனை நாளும் அது தெரியவில்லை. வீட்டில் இருந்த குழந்தை, தனக்கு முன்பே தெரியும் என்பது போலத் தலையாட்டிக்கொண்டாள்.

“பேரு தெரிஞ்சா தூங்க வெச்சிருவேன்ப்பா” என்றாள் கட்டத்தில் இருந்தவள். “தம்பி தம்பின்னா அவனுக்குத் தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னே புரியல.”

அப்பாவிடம் ஒரு பேர் இருந்தது. பையன் பிறப்பதற்கு ரொம்ப முன்பே யோசித்து, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த பேர். அவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து அதைச் சொன்னார். அது அவர்கள் வீட்டுச் சங்கதி, இங்கே எழுதுவதற்கில்லை. சிசு அழுகையை நிறுத்திவிட்டுச் சத்தம் வந்த பக்கம் பார்த்தது. அதற்குப் பிறகு அழுதது அப்பாதான், பழக்கமில்லாதவர்கள் அழுவது மாதிரி, மூச்சு முட்ட முட்ட.

அழுகிற நேரம் இது இல்லை என்று நினைத்தவளாக அம்மா திரையை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். “ரெண்டு பேரும் வாங்க. கழுத்துக்குக் கீழ கை குடுத்துத் தூக்குடா, கழுத்து இன்னும் நிக்கல அவனுக்கு.” கட்டத்தில் இருந்தவள் அப்படியே ஜாக்கிரதையாக எழுந்தாள். மேசை விளிம்பு கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. வீட்டில் இருந்த குழந்தை அம்மாவின் மேல் விழுந்து, “கை வலிக்குதும்மா, கை வலிக்குது” என்று கட்டடமே கேட்கும்படி கதறினாள்.

அவளுக்கு லிஃப்ட் கதவுகள் திறந்தன. ஆசிரியை பேர் கூப்பிட்டார், பேசிக்கொண்டே இருப்பதற்காக இரண்டு தடவை வெளியேயும் அனுப்பினார். ஆலோசகரின் கைராசி போய்விட்டது. தம்பதிகள் மறுபடி தொண்டை கிழியக் கத்தினார்கள், அவள் கடைசி வரை உட்கார்ந்து கேட்டாள், அவர்கள் மூடிய பிறகே எழுந்தாள். பக்கத்து அறையின் நிசப்தம் பழக அவளுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

அப்பா பரணில் இருந்து தொட்டிலை இறக்கி மாட்டினார். அந்தக் கட்டடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழ் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார். அவர் ஒருநாள் படியில் அம்மாவை நிறுத்தி, “என்னம்மா, நேத்துலேர்ந்து பையன் ஒரே அழுகை. பல்லு மொளைக்குதா?” என்று விசாரித்தார்.

“ஆமாண்ணே” என்றாள் அம்மா. “கீழ ரெண்டு வந்துருச்சு. மேலதான் இன்னும் வரல.”